வராத வெள்ளத்தின்மேல் ஒரு முறைப்பாடு

— மறுபடியும் முதலிலிருந்து சொல்லுகிறேன், பிள்ளை. இம்முறை ஒரு சொல்லும் தவறாமல் கணினியில் அடித்துக்கொள்ளும். நவம்பர் மாதம் பத்தொன்பதாம் திகதி, சென்ற புதன்கிழமை. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்கு வெள்ளம் வரும் என்று உங்கள் வெள்ள எச்சரிக்கைத் திணைக்களத்தின் கணினி சொல்லிற்று. நாங்கள் வீட்டுச் சாமான்களைக் கட்டித் தூக்கிக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறினோம். வெள்ளம் வரவில்லை. இதுவே என் முறைப்பாடு.

— அடிச்சிட்டன் சேர். முறைப்பாடு செய்யிறவற்ற பெயர்?

— நாகேந்திரம். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். 'ஓய்வுபெற்ற' என்பதை இரண்டாகப் பிரித்துவிடாதேயும்.

— மாஸ்டர், அந்தப் புள்ளைக்கி மூச்சு உட நேரம் குடுங்களேன். மகள், நான் கைருன்னிஸா. மாஸ்டர் கீழ்வீடு, நான் மூணாம் மாடி. நான் முறைப்பாட்டுக்கு வரல்ல. புயல் நேரம் எங்களுக்கு மெசேஜ் அனுப்பின புள்ள யாருண்டு கேட்டேன், ஆரணிண்டு வாசல்ல சென்னாங்க. இந்த வட்டிலப்பத்த உங்கட கையில குடுக்கத்தான் வந்தேன்.

— முறைப்பாடு பதியும் மேசையில் வட்டிலப்பம் வைப்பது முறையாகாது, கைருன்னிஸா.

— ரெண்டு நாளா முறை முறைண்டு நீங்க கத்துறத்துல எங்கட பூன கீழ எறங்குதில்ல.

— நன்றி அன்ரி, இஞ்சால வையுங்கோ. எங்களுக்கு ஒருத்தரும் சாப்பாடு கொண்டு வாறேல்ல. சேர், ஒண்டு கேக்கட்டா? வெள்ளம் வராதது எப்பிடி முறைப்பாடு?

— வராததைப் பற்றி அல்ல என் வழக்கு. வரும் என்று சொல்லிவிட்டு வராததைப் பற்றியது. உங்கள் குறுஞ்செய்தியில் 'வெள்ளம் வரும்' என்று ஐயத்துக்கு இடமின்றி எழுதியிருந்தீர்கள். 'வரக்கூடும்' என்று எழுதியிருந்தால், நான் என் மகனின் பொன்னுருக்கலைக் குழப்பியிருக்கமாட்டேன்.

— பொன்னுருக்கல் எண்டா... சேர், நாங்கள் வேதக்காரர், மாதா கோயில் ஆக்கள். கொட்டாஞ்சேனை. எனக்கு அது சரியா விளங்காது.

— கேளும். தாலிக்குரிய பொன்னை மாப்பிள்ளை வீட்டில் வைத்து, நல்ல நேரம் பார்த்து, ஆசாரியார் உருக்குவார். உருக்கியபின் வீட்டில் கன்னிக்கால் என்று ஒரு முருக்கந்தடியை நட்டுத் தண்ணீர் வார்ப்போம். அந்த நேரம் தொடங்கித் தாலி ஏறும்வரை மணமகனும் மணமகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கலாகாது. விளங்குகிறதா?

— பாக்கப்படாதுண்டு செல்ற ரெண்டு பேரும் ஒரே ஒபிஸ், மகள். அடுத்தடுத்த மேச. வருஷக்கணக்கா பாத்த மொகம்.

— முன்பு பார்த்தது கணக்கில் இல்லை! அன்று காலை என் மகன் வினோதனுக்குப் பொன் உருக்கியாயிற்று. கன்னிக்கால் நட்டாயிற்று. நண்பகலில் உங்கள் செய்தி வந்தது. கூடவே எங்கள் ஒழுங்கை முழுவதும் நீலமாக ஒரு வரைபடம். மணமகள் நிருஷாவின் வீடு கால்வாய்க் கரையிலே. அவளுடைய தகப்பனார் கிருஷ்ணராஜ் பாரிசவாதத்தால் கட்டிலோடு கிடப்பவர். அவர்கள் எங்கே போவார்கள்?

— எங்க போனவை சேர்?

— என்னட்டத்தான் மகள். எனக்கித்தான் அந்த ஏரியாவுல மேல வீடு. மாப்புளட ஆக்களும் எங்கட வீட்டுல, பொண்ணுட ஆக்களும் எங்கட வீட்டுல. கிருஷ்ணராஜ் அண்ணன கதிரையோட நாலு பேரு தூக்கிட்டு வந்தாங்க.

— இப்போது விளங்கிற்றா? பொன்னுருக்கலுக்கும் தாலிகட்டுக்கும் இடையே, மணமகனையும் மணமகளையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுபோய் வைத்தது உங்கள் கணினி. எங்கள் பரம்பரையில் இப்படி ஒரு காரியம் நடந்ததில்லை.

— சிரிக்கிறன் எண்டு நினைக்காதேங்கோ சேர். பிறகு என்ன செய்தனீங்கள்?

— நான் சும்மா உடுவேனா? தெர போட்டேன். எங்கட வீட்டுல விருந்துண்டா பொம்பளைகளுக்கு ஒரு பக்கம், ஆம்பளைகளுக்கு ஒரு பக்கம். தெர கட்டுறது எங்களுக்கு புதுசா? கட்டில் விரிப்பு ரெண்ட எடுத்து ஹோலுக்கு குறுக்கால கட்டினேன். இந்தப் பக்கம் மாப்புள, அந்தப் பக்கம் பொண்ணு. மாஸ்டர் நடுவுல கதிர போட்டு காவல்.

— ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இதை நான் எங்கும் சத்தியம் செய்வேன்.

— பாக்கல்ல. ஆனா நிருஷா தும்மினா. இந்தப் பக்கத்தால வினோதன் 'தண்ணி குடியும்'ண்டான். ரெண்டு பேரும் சிரிச்சாங்க. மாஸ்டருக்கு கண்ணெல்லாம் சிவந்து பெய்த்து.

— குரல் கேட்பதைப் பற்றிச் சாத்திரத்தில் ஒன்றும் சொல்லப்படவில்லை. விட்டுவிட்டேன்.

— அந்தக் கன்னிக்கால்? அதைப் பிடுங்கினதோ?

— பிடுங்குவதா! நட்ட கன்னிக்காலைக் கலியாணம் முடியுமுன் அசைக்கலாகாது. நல்லவேளையாக, எங்கள் முற்றம் முழுவதையும் வீட்டுக்காரர் சீமெந்தால் மூடிவிட்டார். அதனால் ஒரு பெயின்ற் வாளியிலே மண் நிரப்பி அதற்குள் நட்டிருந்தோம். வாளியை மாடிக்கு ஏற்றினோம். வாளி அசைந்ததே தவிரக் கன்னிக்கால் அசையவில்லை.

— அது இப்பவும் எங்கட பல்கனியிலதான் ஈக்கி. நான்தான் தண்ணி ஊத்துறேன். தளிர் உட்டீக்கி, மாஸ்டர். காலையில பாத்தேன்.

— தளிர்த்துவிட்டதா? எனக்கு ஏன் சொல்லவில்லை?

— நீங்க முறைப்பாட்ட பாடமாக்கிட்டு இருந்தீங்க. கலியாணம் இந்த வெள்ளிக்கிழம. வீட்டுல ஆயிரம் வேல ஈக்கி, இவங்க இங்க வந்தீக்காங்க.

— வேலை இருக்கட்டும். பிள்ளை, இரண்டாவது முறைப்பாடு. இது முன்னையதினும் பாரதூரமானது.

— சொல்லுங்கோ சேர்.

— அதே நாள் பிற்பகல். கால்வாய் கடலில் விழும் இடத்தில், கடல் கொண்டுவந்து போட்ட மண்திட்டு ஒன்று உயரமாக நின்றது. புயல் வருகிறதே, இயற்கை நமக்கு ஓர் அணை கட்டித் தந்திருக்கிறதே என்று நான் ஆறுதல் கொண்டேன். அப்போது ஒரு பெக்கோ இயந்திரம் வந்து அந்தத் திட்டை வெட்டத் தொடங்கிற்று. பொங்குகிற கடலுக்கு ஊருக்குள்ளே வாசல் வெட்டிக் கொடுக்கிறார்கள்! இதற்கு உத்தரவிட்டவர் யார்? அவருடைய பெயர் எனக்கு வேண்டும்.

— சேர்... நீங்களோ குடையோட நிண்டவர்?

— எந்தக் குடை?

— பெக்கோவுக்கு முன்னால ஒரு ஐயா குடையை விரிச்சுப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார், வேலை செய்ய ஏலாது எண்டு எங்களுக்குப் போன் கோல் வந்தது. இஞ்ச எல்லாரும் எழும்பி நிண்டிட்டம்.

— நான்தான். மறைக்க ஒன்றுமில்லை. அந்தச் சாரதி சிங்களத்தில் என்னைச் 'சீயா' என்று அழைத்தான். பாட்டனாராம்! மகனுக்கே இன்னும் கலியாணம் முடியவில்லை.

— நான் சென்னா கேக்கவா போறாருண்டு, பின்னாலயே போய் 'மாஸ்டர், மேல பொண்ணும் மாப்புளயும் தெரைய வெலக்கிட்டாங்க'ண்டு பொய்ய சென்னேன். குடைய மடக்கிட்டு ஓடின ஓட்டம், யா அல்லாஹ்!

— அது பொய்யா?

— பொய்தான். மழையில நனைஞ்சா காச்சல் வரும்ண்டு பயந்து சென்னேன்.

— அன்ரி, நீங்கள் செய்த வேலை என்னெண்டு உங்களுக்குத் தெரியாது. கடல் வத்தி நிக்கிற நேரம் கொஞ்சம்தான் இருந்தது. அதுக்குள்ள அந்த வாயை வெட்டியிருக்காட்டி, வெட்டியும் பிரயோசனம் இல்லை. சேர், கதிரையைக் கிட்டப் போடுங்கோ. உங்கட ரெண்டு முறைப்பாட்டுக்கும் பதில் ஒண்டுதான். இந்த ஸ்க்ரீனைப் பாருங்கோ.

— என்ன இது?

— இது உங்கட வெள்ளவத்தை. நிலத்தைச் சின்னச் சின்னப் பெட்டியா வெட்டி, ஒவ்வொரு பெட்டியும் எவ்வளவு உயரம் எண்டு கொம்பியூட்டருக்குக் குடுத்திருக்கு. இது கோல் றோட். இது ரெயில் பாதை. இந்த வளைஞ்சு வாறது கால்வாய். இந்தப் பெட்டிதான் உங்கட வீடு.

— இந்தத் துளியா? முப்பது வருடம் வாடகை கட்டிய வீடு.

— அதுதான். இப்ப புயலை விடுறன். காத்து கடலைக் கரைக்குத் தள்ளும். கடல் ஏறி நிக்கும். எல்லாரும் அதைத்தான் பாத்துக்கொண்டு நிண்டவை, கடலால தண்ணி வரும் எண்டு.

— நானும் முன்பக்கத்தைத்தான் பார்த்தேன்.

— உங்களுக்கு முன்பக்கத்தால வராது சேர். ரெயில் பாதை உயரம். ஆனா மேலயும் மழை. கொழும்பு முழுக்கப் பெய்யிற தண்ணி கால்வாயால கடலுக்குப் போகவேணும். அந்த மண்திட்டு வாயை மூடியிருக்கு. தண்ணி எங்க போகும்? பாருங்கோ, திரும்பி வருகுது.

— பின்பக்கத்தாலயா மகள்? தண்ணி ஓடுற கான் வழியா?

— ஓம் அன்ரி, பின்பக்கத்தால. முதல் கால்வாய்க் கரை. இது நிருஷாட வீடு.

— கட்டில் எவ்வளவு உயரத்தில் இருக்கும்... பிள்ளை, இந்தக் கடும்நீலம் எவ்வளவு ஆழம்?

— ஒராள் நிண்டா நெஞ்சளவு. படுத்திருக்கிற ஆளுக்கு...

— சொல்லவேண்டாம். என் வீடு?

— இடுப்பளவு. உங்கட சாமியறையில குத்துவிளக்குத் தெரியாது.

— ஆனால் இது நடக்கவில்லையே!

— நடக்கேல்ல. இது மண்திட்டை அப்பிடியே விட்டிருந்தா வந்திருக்கிற புதன்கிழமை. இதைத்தான் எங்கட மொடல் முதல் சொன்னது.

— மாதிரியுரு.

— மாதிரியுரு. அதைப் பாத்துத்தான் உங்களுக்கு மெசேஜ் போனது. பிறகு நான் யோசிச்சன், வாயைத் திறந்துவிட்டா என்ன நடக்கும்? நீங்கள் பயந்த மாதிரிக் கடல் உள்ளுக்கு வருமோ? ஒரு புயலை அம்பது விதமா மாத்தி மாத்தி ஓடவிட்டனாங்கள். கடல் வத்தியிருக்கிற நேரம் பாத்து வெட்டினா, கால்வாய் முதல்லயே வெறுமையாகிடும். பிறகு கடல் ஏறினாலும் உள்ளுக்கு வாறது கொஞ்சம்தான். அதுக்குக் கால்வாய்க்குள்ள இடம் இருக்கு. இது ரெண்டாவது ஓட்டம். இப்ப உங்கட ஒழுங்கையைப் பாருங்கோ.

— நீலம் இல்லை.

— இல்லை.

— ஆகவே வெள்ளம் வரும் என்று நீங்கள் சொன்னதால்தான் வெள்ளம் வரவில்லை.

— அப்பிடித்தான் சேர். ஆனா திட்டை வெட்டினாலும் சரிவரும் எண்டு நிச்சயம் இல்லை. பிழைச்சா எண்ட பயத்தில மெசேஜை நாங்கள் திருப்பி எடுக்கேல்ல. உங்களை மேல ஏத்தினதுக்கு மன்னிக்கவேணும்.

— மன்னிப்பா? நீரா? கைருன்னிஸா, எனக்குக் கொஞ்சம் தண்ணீர்...

— இந்தாங்க, போத்தல். மாஸ்டர், மெதுவா. மகள், இவங்க இப்புடித்தான். கோவத்துக்கு நூறு வார்த்த ஈக்கி, மத்ததுக்கு ஒண்டும் வராது.

— பிள்ளை, அந்த முறைப்பாட்டை அழித்துவிடும்.

— பதிஞ்ச முறைப்பாட்டை அழிக்க ஏலாது சேர். கொம்பியூட்டர் விடாது. கீழ ஏதும் சேத்து எழுதலாம்.

— நல்ல ஏற்பாடு. சேர்த்து எழுதுவேன். அதற்குமுன் ஒரு காரியம்.

— அப்பாடா. காலையிலேர்ந்து அந்தப் பைக்குள்ள வெச்சிக்கிட்டு திரியிறாங்க, மகள். கலியாண கார்ட். முறைப்பாட்டுக்கு பதில் கெடச்சாத்தான் குடுப்பாங்களாம்.

— பதில் கிடைத்துவிட்டது. ஆனால் இங்கே மேசையில் வைத்து நீட்டுவது எங்கள் வழக்கம் அல்ல. வீட்டுக்கு வந்து, தாய் தகப்பன் முன்னிலையில், வாய்நிறையச் சொல்லி அழைக்கவேண்டும். உம்முடைய வீட்டு இலக்கம் என்ன? கொட்டாஞ்சேனையில் எந்த ஒழுங்கை? இன்று பின்னேரமே வருகிறேன்.

— வீட்டை வரவேண்டாம் சேர். இஞ்சயே தாங்கோ. நான் சந்தோஷமா வாங்குவன்.

— ஏன் வரக்கூடாது?

— சும்மா... தூரம்.

— வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை தூரமா? நேரே பஸ் இருக்கிறது. நான் சற்றுமுன் கடுமையாகப் பேசிவிட்டேன். அதனால் என்னை வாசலில் ஏற்ற உமக்கு மனமில்லை. அப்படித்தானே?

— ஐயோ, அப்பிடி இல்லை சேர்.

— பின்னே என்ன?

— வாசல் இப்ப இல்லை. தண்ணி இன்னும் வத்தேல்ல.

— என்ன செல்றீங்க மகள்? எந்தத் தண்ணி?

— புதன்கிழமைத் தண்ணிதான் அன்ரி. எங்கட வீடு பள்ளத்தில, ரெயில் பாதைக்குப் பின்னால. எங்கட பக்கத்து வாய்க்காலும் அதே மாதிரித்தான் கடல்ல போய் விழுகுது. அங்கயும் வாயில மண்.

— அப்போ அங்கயும் வெட்டியிருந்தா சரிதானே?

— வெட்டியிருக்கலாம். பெக்கோ ஒண்டுதான் கிடைச்சது. கடல் வத்திற நேரமும் ஒண்டுதான். ரெண்டு இடத்துக்கும் ஓடித் திரிய நேரம் இல்லை.

— யார் தீர்மானித்தது?

— பெரியாக்கள் தீர்மானிச்சவை. ஆனா எங்க தண்ணி கூட ஏறும், எங்க கூட ஆக்கள் கீழ்வீட்டில இருக்கினம் எண்டு என்னட்டைக் கேட்டவை. ரெண்டு பக்கத்தையும் ஓடவிட்டுப் பாத்தன். உங்கட பக்கம்தான் ஆழம். உங்கட பக்கம் எண்டு சொன்னன்.

— அந்த வரைபடத்தில் உம்முடைய வீடும் தெரிந்ததா?

— ஓம் சேர். சின்னப் பெட்டியா. நீலமா.

— பிறகு?

— பிறகு அம்மாக்குக் கோல் எடுத்து, தையல் மெஷினை மேசைக்கு மேல ஏத்திப்போட்டு வெளிக்கிடச் சொன்னன்.

— மெஷின் தப்பிச்சா மகள்?

— மேசையே மிதந்தது அன்ரி. ஆனா எங்கட ஒழுங்கையில ஒரு உயிருக்கும் ஒண்டும் இல்லை. அங்கயும் நேரத்தோட மெசேஜ் போனது; எல்லாரும் எழும்பி மாதா கோயில் மண்டபத்துக்குப் போயிட்டினம். அம்மாவும் அங்கதான். எனக்கு அது காணும். நான் ஒவ்வொரு நாளும் கடவுளுக்கு நன்றி சொல்லிப்போட்டுத்தான் இந்தக் கதிரையில இருக்கிறன்.

— இந்தக் கிழமை உங்களிடம் எத்தனை முறைப்பாடு வந்தது?

— நீங்கள்தான் முதல் ஆள் சேர்.

— கொட்டாஞ்சேனையிலிருந்து?

— ஒண்டும் இல்லை. அவையளுக்கு இப்ப வீடு கழுவிற வேலை. இஞ்ச வர நேரம் இல்லை.

— மாஸ்டர்? மாஸ்டர், அழாதீங்க. ஒபிசுல பாக்கிறாங்க.

— பாக்கட்டும். பிள்ளை, என்ர கிருஷ்ணராஜ் கட்டில்ல கிடக்கிற மனுசன்... நான் குடையோட போய் மறிச்சனான். நீர் உம்மட தாயை விட்டுப்போட்டு அந்தப் பெக்கோவை எங்களுக்கு அனுப்பினீர்.

— தாயை விடேல்ல சேர். தண்ணியை மட்டும்தான் விட்டனான்.

— மகள், நான் ஒண்டு செல்றேன், மறுக்கப்படாது. ஹோல்ல கட்டின தெர இன்னும் கழட்டல்ல. அந்தப் பக்கம் கட்டில் ஈக்கி, பேன் ஈக்கி. உங்கட அம்மாவ இண்டைக்கே கூட்டிட்டு வாங்க. பல்கனியில கன்னிக்கால் ஈக்கி. எனக்கும் தண்ணி ஊத்த ஒரு ஆள் வேணும்.

— அன்ரி, நீங்கள் எங்களைத் தெரியாமலே...

— இப்ப தெரியும்தானே. வட்டிலப்பம் தின்னவங்க எங்கட ஆள்.

— நல்லது. ஆகவே பின்னேரம் நான் மாதா கோயில் மண்டபத்துக்கு வந்து, உம்முடைய தாயாரைக் கலியாணத்துக்கு முறைப்படி அழைப்பேன். வெள்ளிக்கிழமை அவர் முன்வரிசையில் இருப்பார். நீரும்தான். இதில் 'கூடும்' என்ற பேச்சுக்கே இடமில்லை.

— வருவம் சேர். கட்டாயம் வருவம்.

— இப்போது அடியும். முறைப்பாடு, இரண்டாம் பகுதி. இதன் ஒரு பிரதி இங்கே இருக்கும். ஒரு பிரதி பத்திரிகைக்குப் போகும். 'வெள்ளவத்தைக்கு வரவேண்டிய தண்ணீர் கொட்டாஞ்சேனைக்குப் போயிற்று' என்று...

— சேர், அது சரி இல்லை. ரெண்டும் வேற வேற தண்ணி. இஞ்ச இருந்து அங்க போகேல்ல.

— திருத்தத்துக்கு நன்றி. எழுத்தில் தவறு இருத்தலாகாது. 'வெள்ளவத்தைக்கு இயந்திரம் வந்தது. கொட்டாஞ்சேனைக்கு வரவில்லை' என்று அடியும். இது சரிதானே?

— இது சரி. என்ர பெயரைப் போடாதேங்கோ சேர்.

— உம்முடைய பெயர் என் வாயில் இருக்கும், தாளில் இராது. அடுத்த பந்தி.

— சேர், இனி அடிக்கிறது ஆருக்கு? எங்கட திணைக்களத்துக்கோ?

— அவர்கள் தங்கள் வேலையைச் செய்துவிட்டார்கள். வாசிப்பவர்களுக்கு. அடியும், பிள்ளை: 'வெள்ளவத்தையில் இருந்து இதை வாசிக்கும் நீங்கள், வாசிப்பதை நிறுத்திவிட்டுக் குனிந்து உங்கள் கால்களைப் பாருங்கள். உலர்ந்திருக்கின்றனவா? அப்படியானால் எழுந்து போய், அடுத்த புயலுக்கு முன் கொட்டாஞ்சேனைக்கு ஓர் இயந்திரம் வேண்டும் என்று கேளுங்கள். கொடுக்கும்வரை குடையை மடக்காதீர்கள்.'